சிலைப் பெட்டிக்குள் ரோசி

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதத்து முற்பகலில் நடந்தது இது. குடவாசலிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். நான் ஒரு நாளிதழுக்குத் தாலுகா செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மேலத்தெருவின் கடைசி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். அதை அடுத்த மாடி வீடு வீட்டுக்காரருடையது. எங்கள் கொல்லையை ஒட்டி ஒரு வடிகால் வாய்க்கால். அதற்கு அப்பால் வயல். வயலுக்கு அப்பால் கீழத்தெரு.

அந்த வயலுக்குப் பட்டா வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. குத்தகைக்கு எடுத்து உழுதவர்கள் கீழத்தெருக் குடும்பங்கள், இரண்டு தலைமுறையாக. தங்களைக் குத்தகைதாரர்களாகப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி அவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். பதிவாகிவிட்டால் பிறகு வெளியேற்றுவது கடினம். அதனால் பதிவாகும் முன்பே வெளியேற்றிவிட வீட்டுக்காரர் முயன்றார். ஆட்சி மாறியபோது ஊரில் கொடிக்கம்பங்களின் வண்ணம் மாறியது. இந்த வழக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. ஐப்பசி நடவின்போது கைகலப்பு. கீழத்தெருவில் நான்கு பேர் மீது, அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. ஜாமீனில் வந்த நால்வரும் தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கோயில் வாசலில் போலீஸ் கூடாரம் போட்டிருந்தார்கள்.

எங்கள் பங்குக்கு அந்தத் தெருவில் இன்னொரு பிரச்சினை இருந்தது. அதன் பெயர் ரோசி.

ரோசி செம்பட்டை நிறத்தில், மார்பில் மட்டும் வெள்ளை உள்ள நாட்டு நாய். சுகாதார நிலையத்து வாசலில் லாரியில் அடிபட்ட தாயின் பக்கத்தில் கிடந்த குட்டியை மனைவி எடுத்துவந்தாள். நாங்கள் வீட்டில் இருக்கும்வரை அதனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. கதவைப் பூட்டிக்கொண்டு நாங்கள் கிளம்பிய நிமிடத்திலிருந்து அது வேறு நாய். கதவின் அடிப்பலகையைப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வரவைத்துக்கொள்ளும். போர்வையைக் கிழிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊளையிடும். நாங்கள் திரும்பும்வரை நிறுத்தாது.

வீட்டுக்காரரின் தாயார் மாடியில் படுத்த படுக்கையாக இருந்தார். நாய் ஊளையிட்டால் அந்தத் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். யாருக்கோ ஓலை வந்துவிட்டது. ரோசி ஊளையிடும்போதெல்லாம் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தி, வாசலில் கிடக்கும் செருப்பைக் கவிழ்த்துப் போடுவார்கள். செருப்பைக் கவிழ்த்தால் ஊளை நிற்கும் என்பது நம்பிக்கை. ரோசிக்கு அது தெரியவில்லை.

ஒருநாள் வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"தம்பி, எங்க அம்மா அந்தச் சத்தம் கேட்டா சாப்புட மாட்டேங்குது. ஒரு மாசம் டைம். நீங்களா நிறுத்துனா சரி. இல்லேன்னா ஊர்ல எலி மருந்துக்குப் பஞ்சம் இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் செய்யாமல் விட்டதாக எனக்கு நினைவில்லை.

மறுநாளே கும்பகோணத்தில் ஒரு கால்நடை டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் முன்பு போலீஸ் நாய்களைக் கவனித்தவர். "உங்க மேல உள்ள கோவத்துல செய்யல சார். பயத்துல செய்யுது" என்றார். "அவ்வளவு பெரிய காலி வீட்ட அதால காவல் காக்க முடியல. அதுக்குன்னு ஒரு சின்ன எடம் குடுங்க." உள்ளே எழுந்து நின்று திரும்ப முடிகிற அளவில் ஒரு பெட்டி. முதலில் கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டை அதற்குள் வைப்பது. பிறகு ஒரு நிமிடம் மூடுவது. பிறகு இரண்டு, ஐந்து, பத்து. கிளம்பும்போது கொஞ்சக் கூடாது. திரும்பி வந்தும் கொஞ்சக் கூடாது. தண்டனையாக ஒருநாளும் உள்ளே தள்ளக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருநாளும் பூட்டக் கூடாது.

அப்படி ஒரு பெட்டி சுவாமிமலையில் கிடைத்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பஞ்சலோகச் சிலைகளை வைத்துக் கட்டுவதற்காக, இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த மரப்பெட்டி. சிலையின் அளவு மாறிவிட்டதால் பட்டறையில் சும்மா கிடந்தது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். பக்கவாட்டில் கறுப்பு மையில் 'இப்பக்கம் மேலே' என்று எழுதி ஓர் அம்புக்குறி. கீழே, 'கவனமாகக் கையாளவும்'. தச்சரிடம் சொல்லிக் கீலும் கொண்டியும் வைத்து ஒரு கதவு போட்டுக்கொண்டேன். உள்ளே வைக்கோல் பரப்பி, சமையலறைக்குப் பின்னால், இரண்டு படி இறங்கிப் போகும் கொல்லை அறையில் வைத்தேன். வீட்டில் சத்தமில்லாத, இருட்டான இடம் அதுதான்.

செய்தி எழுதுகிறவனுக்கு நோட்டுப் புத்தகம் ஒரு பழக்கம். ரோசிக்கும் ஒன்று போட்டேன். முதல் நாள், தலையை மட்டும் உள்ளே விட்டுச் சோற்றை இழுத்துத் தின்றது. நான்காம் நாள், தானாக உள்ளே போய்ப் படுத்தது. ஆறாம் நாள், கதவு மூடி ஒரு நிமிடம். நான் சாவிக்கொத்தை எடுத்தாலே அதற்கு நடுக்கம் வருகிறது என்பதைக் கவனித்தேன். அதனால் ஒரு வாரம், சாவியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு உள்ளே வந்தேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இதைப் பார்த்தவர்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி பேசத் தொடங்கியதாக மனைவி சொன்னாள். பத்தொன்பதாம் நாள், அரை மணி நேரம், சத்தமில்லை. இருபத்தைந்தாம் நாள், மூன்று மணி நேரம், சத்தமில்லை. கதவு தாங்குமா என்று காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, 'கொண்டி உறுதி' என்றும் எழுதி வைத்தேன். வீட்டுக்காரர் கொடுத்த ஒரு மாதத்துக்கு இரண்டு நாள் மிச்சமிருந்தது.

அதே நோட்டில் இன்னொரு குறிப்பும் உண்டு. பால்காரர், தபால்காரர், வாசலில் கோலமாவு விற்பவர், யார் வந்தாலும் ரோசி குரைக்காது. கீழத்தெருவிலிருந்து என்னிடம் மனு எழுதி வாங்க வருபவர்கள் கொல்லை வேலியின் படலைத் தொட்டால் போதும், பல்லைக் காட்டிக் குரைக்கும். அவர்களில் அடிக்கடி வந்தவர் ஒருவர்; மனுக்காரர் என்றே அவரைச் சொல்வோம். நாற்பது வயதிருக்கும். வழக்கில் சிக்கிய நால்வரில் ஒருவர். அவர் படலுக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல, நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து எழுதுவேன். நடுவில் நாய் குரைத்துக்கொண்டே இருக்கும். "என்னைய மட்டும் அதுக்குப் புடிக்கல போல சார்" என்பார். அவரை நான் உள்ளே கூப்பிட்டதில்லை. வீட்டை வாடகைக்கு விடும்போதே வீட்டுக்காரர் சொல்லியிருந்தார், "மனு கினுன்னு வருவானுங்க. கொல்லப்பக்கமா வச்சுப் பேசிக்குங்க, வாசப்பக்கம் வேணாம்." நான் தலையாட்டினேன். கிணறும் மின்சாரமும் உள்ள வீடு அது. நோட்டில் எழுதினேன்: 'கீழத்தெரு ஆட்களைக் கண்டால் மட்டும் குரைக்கிறது. காரணம் தெரியவில்லை.'

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் குடவாசல் தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. மழை சற்று விட்டிருந்தது. மனைவி எட்டு மணிக்கே வேலைக்குப் போய்விட்டாள். ஒன்பது பத்துக்கு ரோசியைப் பெட்டிக்குள் அனுப்பிக் கொண்டியைப் போட்டேன். பின்கதவை உள்ளே தாழிட்டு, வாசலைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கொல்லை வாய்க்கால் கரையோடு கரையாக ஓடியது. பார்த்தேன். நான்கு நாளாக அப்படித்தான் ஓடியது என்று சைக்கிளில் ஏறினேன்.

தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் கீழத்தெரு ஆட்கள் முப்பது பேர் நின்றார்கள். மனுக்காரரும் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். சற்று நேரத்தில் யாரோ வந்து, வயலில் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்ல, அவரும் இன்னும் நாலைந்து பேரும் கிளம்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே வீட்டுக்காரர் பட்டா நகலை விரித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

பதினொன்று நாற்பதுக்கு வருவாய் ஆய்வாளர் நனைந்த சட்டையோடு உள்ளே வந்து தாசில்தாரிடம் குனிந்து பேசினார். நான் இரண்டாவது நாற்காலியில் இருந்ததால் காதில் விழுந்தது.

"வடிகால் கரை போயிடுச்சுங்கய்யா. பத்தரைக்கே போயிருக்கு. மேலத்தெரு கடைசிப் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி."

"தானா உடைஞ்சுதா, உடைச்சாங்களா?" என்றார் வீட்டுக்காரர். அறையில் இருந்த எல்லோரும் வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார்கள்.

மேலத்தெருவின் கடைசி வீடு என்னுடையது. கரை உடைந்து ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது. கொல்லை அறை இரண்டு படி பள்ளம். பெட்டி இரண்டரை அடி. இந்தக் கணக்கு முடியும்போது நான் சைக்கிளில் இருந்தேன்.

இரண்டாவது கிலோமீட்டரில் சாலைக்கு மேல் தண்ணீர் ஓடியது. ஒரு டீக்கடையில் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தேன். ஊர் எல்லையில் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி இரண்டு போலீஸ்காரர்கள் மறித்தார்கள்.

"ஊருக்குள்ள போவக் கூடாது சார். ஆளுங்கள ஸ்கூலுக்கு ஏத்திக்கிட்டிருக்கோம். வீட்ல யாரு இருக்கா?"

"நாய்."

மூத்தவர் என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். இளையவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது நீந்தி வந்துரும் சார். நாய்க்கு நீச்சல் நாமளா சொல்லிக் குடுக்கணும்?"

"பொட்டிக்குள்ள போட்டுக் கொண்டி போட்டிருக்கேன்."

வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது என்ன காரியம் என்று எனக்கே உறைத்தது. இளையவர் சிரிப்பை நிறுத்தினார். மூத்தவர் ஜீப்பை ஒட்டி ஒதுங்கி வழிவிட்டார்.

அங்கிருந்து வீட்டுக்கு அரை கிலோமீட்டர். முழங்கால் தண்ணீரில் ஓட முடியாது. எத்தனை பலமாகக் காலை வீசினாலும் நடையின் வேகம்தான். ஊளை கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே போனேன். இருபத்தைந்து நாள் உட்கார்ந்து எந்தச் சத்தத்தை நிறுத்தினேனோ அந்தச் சத்தம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நடந்தேன். வரவில்லை. தண்ணீர் ஓடுகிற இரைச்சல் மட்டும் இருந்தது. அந்தக் கதவை அது முட்டித் திறக்க முடியாது. எனக்குத் தெரியும். காலால் உதைத்துப் பார்த்தவன் நான்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடைந்து நாதாங்கியில் தொங்கியது. சமையலறையில் பாத்திரங்கள் மிதந்தன. கொல்லை அறையில் இறங்கினேன். தண்ணீர் என் தொடைக்கு வந்தது. பெட்டி இருந்த இடத்தில் இப்போது அது இருந்திருந்தால் மேல்சட்டமும் மூழ்கியிருக்கும். ஆனால் பெட்டி அங்கே இல்லை. வைக்கோல் மட்டும் சுவர் ஓரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்கதவு தாழிட்டபடியே இருந்தது. தண்ணீருக்கு அடியில் கையை விட்டு மூலை மூலையாகத் தடவினேன். ஒரு ஆட்டுக்கல் தட்டுப்பட்டது. வேறொன்றும் இல்லை.

"தம்பி" என்று மேலேயிருந்து குரல் வந்தது. மாடி ஜன்னலில் வீட்டுக்காரரின் மனைவி. "உங்க நாயப் பொட்டியோட தூக்கிட்டுப் போய்ட்டான். கீழத்தெரு ஆளு. பூட்ட ஒடச்சு உள்ள பூந்தான். நான் கத்துனேன், காதுலயே வாங்கல."

"நாய் சத்தம் போட்டுச்சா?"

"ஊளைன்னா ஊளை, அப்புடி ஒரு ஊளை. இவ்வளவு நாளா இல்லாம இன்னைக்குப் பாத்து. அத்தைக்குத்தான் நேரம் வந்துருச்சுன்னு ஜன்னலெல்லாம் சாத்திட்டு செருப்பக் கவுத்துப் போட்டோம்."

அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர். அந்த ஊளைக்கு அவர்கள் செய்யத் தெரிந்ததைச் செய்திருக்கிறார்கள். படுக்கையில் இருந்த அந்த மூதாட்டி அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார்.

பள்ளிக்கூடத்தை விட்டால் ஊரில் தண்ணீர் ஏறாத ஒரே மேடு ஆற்றுப்பாலம். அங்கே கும்பலாக ஆட்கள், ஆடுகள், மூட்டைகள். கைப்பிடிச் சுவர் ஓரமாக, அம்புக்குறி சரியாக மேலே பார்த்தபடி, என் பெட்டி இருந்தது. உள்ளே ரோசி கழுத்துவரை நனைந்து, கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. நடுங்கியது. சத்தமில்லை. நான்கு அடி தள்ளி, தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு மனுக்காரர் குந்தியிருந்தார். இடது முன்கையில் துண்டைச் சுற்றியிருந்தார். துண்டில் ரத்தம்.

"தொறக்காதீங்க சார்" என்றார் என்னைக் கண்டதும். "ஆடு ஓடுற எடம். மெரண்டு ஆத்துல குதிச்சுரும். எங்கிட்ட இருந்தா எப்படியும் ஓடத்தான் பாக்கும். அதான் பொட்டியோடவே தூக்கிட்டேன். நாத்துக் கட்டு மாதிரி தலையில வச்சுக்கிட்டேன். வர்ற வழியெல்லாம் சட்டத்துக்கு நடுவால கடிச்சுக்கிட்டே வந்துச்சு."

பக்கத்தில் நின்ற ஒருவர் என்னிடம் சொன்னார், "நாங்க சாமியத்தான் தூக்கிட்டு வர்றான்னு பாத்தோம் சார். கிட்ட வந்தா கொலைக்கிது."

மனுக்காரர் சிரிக்கவில்லை. கோயில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே போலீஸ் கூடாரம்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அந்தக் கர வயல்ல மடையத் தொறந்து வுட்டுக்கிட்டிருந்தோம். ஊளைச் சத்தம் கேட்டுச்சு. ஒரு மாசமா நீங்க அதப் பழக்கி நிறுத்திட்டீங்கள்ல. அது சும்மா ஊளையிடாதுன்னு தெரியும். அப்பத்தான் கர பொளந்தத பாத்தேன். வாய்க்கால் மேல போட்ட பனமரப் பாலம் முழுகிப் போச்சு. காலால தடவித் தடவி வந்தேன். பின்கதவத் தள்ளிப் பாத்தேன், தொறக்கல. வாசலுக்குச் சுத்தி வந்தேன்."

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பூட்டுக்கு முன்னாடி ரெண்டு நிமிசம் நின்னேன் சார், பொய் சொல்லல. ஏற்கனவே ஒரு கேசு. பூட்டத் தொட்டா இன்னொண்ணு. மேலேருந்து வேற அந்தம்மா யாருடாங்குறாங்க. அது உள்ள ஊளையிட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஊளை நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நிக்க முடியல."

நான் பதில் சொல்லும் முன் ஜீப் வந்து நின்றது. சப் இன்ஸ்பெக்டரும் வீட்டுக்காரரும் இறங்கினார்கள். மாடி ஜன்னலிலிருந்து செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

"இவன்தான்" என்றார் வீட்டுக்காரர். "ஆளில்லாத வீட்டப் பாத்து பூட்ட ஒடச்சிருக்கான். கரைய ஒடச்சதும் இவனுங்கதான். எழுதுங்க சார்."

"மேலத்தெருவுக்குள்ள உனக்கு என்னய்யா வேலை?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

மனுக்காரர் எழுந்து நின்றார். தலைச் சாக்கை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்து என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

அன்றுவரை நான் எழுதிய எந்தச் செய்திக்கும் மறுப்பு வந்ததில்லை. கேட்டதைக் கேட்டபடி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

"நான் சொல்லித்தான் போனார்" என்றேன். "தாலுகா ஆபீஸ் வாசல்ல வச்சுச் சொன்னேன். நாய் உள்ள இருக்கு, தண்ணி ஏறுனா பூட்ட ஒடச்சாவது எடுத்துருங்கன்னு."

"நானும் அங்கதானே இருந்தேன்?" என்றார் வீட்டுக்காரர். "எப்ப சொன்னீங்க?"

"நீங்க உள்ள பட்டாவக் காட்டிக்கிட்டிருந்தப்ப."

"சரி. என் வீட்டுப் பூட்ட ஒடைக்கச் சொல்ல நீங்க யாரு தம்பி?"

"வீடு உங்களோடது. பூட்டு என்னுது. கும்பகோணத்துல வாங்குனேன்."

சப் இன்ஸ்பெக்டர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். ரோசி அவரைப் பார்த்து உறுமவில்லை. வாலை ஒருமுறை ஆட்டியது. அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "பூட்டுக்காரரே ஒடைக்கச் சொல்லியிருக்காரு. நான் என்னத்தங்க எழுதுறது?" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கரை விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. பொதுப்பணித்துறை ஆட்கள் வந்து பார்த்து, நண்டு வளையில் நீர் புகுந்து தானாகப் பிளந்தது என்று எழுதிக்கொடுக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை கீழத்தெருவில் யாரும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். பூட்டு வழக்கும் சேர்ந்திருந்தால் அவருடைய ஜாமீன் நின்றிருக்காது.

இரண்டு மணிக்கு மனைவி மருந்துப் பையோடு பாலத்துக்கு வந்தாள். முதலில் பெட்டியைப் பார்த்தாள், பிறகு துண்டைப் பார்த்தாள். "கையக் காட்டுங்க" என்றாள். அவர், பரவாயில்லைம்மா என்று கையைப் பின்னால் இழுத்தார். "நாய் எங்களோடது. கடி எங்க கணக்கு. காட்டுங்க" என்று அவளே கையைப் பிடித்துத் துண்டை அவிழ்த்தாள். மூன்று இடத்தில் பல் இறங்கியிருந்தது. ரோசிக்கு ஊசி போட்டிருந்தோம். இருந்தும், ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் விட்டாள்.

தை பிறந்ததும் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். குடவாசலில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு கிடைத்தது. பெட்டியும் வந்தது. என் யோசனை பெட்டியை விறகாக்கிவிடுவது. அதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. ஆனால் புது வீட்டில் முதல் நாள் சாமான்களுக்கு நடுவில் ரோசி அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே போய்ச் சுருண்டு படுத்துத் தூங்கியது. டாக்டர் சொன்னதில் தவறில்லை. அது அதன் இடம். தவறு கொண்டியிலும் நான் அதை வைத்த பள்ளத்திலும் இருந்தது. கொண்டியைக் கழற்றி எறிந்தேன். அதற்குப் பிறகு ரோசி திறந்த பெட்டியில், கூடத்தில், சத்தமில்லாமல் தனியே இருக்கப் பழகியது.

ஒரு மாதம் கழித்து மனுக்காரர் தேடிக்கொண்டு வந்தார். அந்தத் தெருவில் அப்படிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இருந்தும் வாசல்படிக்கு நான்கு அடி தள்ளியே நின்றார். ரோசி பாய்ந்து வந்து குரைத்தது. உயிரைக் காப்பாற்றிய மனிதரைப் பார்த்து, வழக்கமான அதே குரைப்பு. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"உடுங்க சார்" என்றார் அவர். "அது பொட்டிக்குள்ள இருந்துச்சுல்ல. யாரு தூக்குனாங்கன்னு அது எங்க பாத்துச்சு?"

நான் பழக்கம் மாறாமல் பேனாவை எடுத்துக்கொண்டு படியில் உட்காரப் போனேன். மனைவி உள்ளேயிருந்து வந்து, "ஏங்க, தெருவுல வச்சா எழுதுவீங்க? உள்ள வந்து உக்காருங்கண்ணே" என்று கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் தயங்கித் தயங்கி விளிம்பில் உட்கார்ந்தார். ரோசி குரைத்தபடியே ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. நாங்கள் மூவரும் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்தது. அவர் கையில் ஆறியிருந்த தழும்பை முகர்ந்தது. இரண்டாம் முறை வந்தபோது இரண்டு தடவை குரைத்து நிறுத்தியது. நான்காம் முறை குரைக்கவே இல்லை. அவருடைய நாற்காலிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏற இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

அந்த நான்காம் முறையை எழுதி வைக்கலாம் என்று ரோசியின் நோட்டை எடுத்தேன். வெள்ளத்தில் ஊறிக் காய்ந்து, பக்கங்கள் அப்பளம்போல விறைத்திருந்தன. புரட்டும்போது பழைய குறிப்பு கண்ணில் பட்டது. 'கீழத்தெரு ஆட்களைக் கண்டால் மட்டும் குரைக்கிறது. காரணம் தெரியவில்லை.' ஒன்றரை வருஷம் நான் யாரை வாசல் வழியாக விட்டேன், யாரைப் படலுக்கு வெளியே நிறுத்தினேன் என்பதை, பெட்டி வருவதற்கு முன்பிருந்தே, என் காலடியில் கிடந்தபடி அது தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த வரியை நான் அடிக்கவில்லை. வேலையில் இருந்த அத்தனை வருஷமும், ஒரு செய்தியின் கடைசியில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுத நேர்ந்தபோதெல்லாம், அந்தக் கொல்லைப் படியில் பேனாவோடு நான் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்து கை ஒரு கணம் நின்றுவிடும்.